பசு எங்க, மச்சான்?

மச்சான்,

இன்றைக்குக் காலையில் வாலாஜாபாத் மில்லில் உமிச்சாம்பல் லோடு ஏற்றினேன். மானாம்பதி தாண்டி ஒரு செங்கல் சூளைக்குப் போக வேண்டியது. தார்ப்பாயை இழுத்துக் கட்டித்தான் கிளம்பினேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறினதும் காற்று ஒரு முனையைத் தூக்கிவிட்டது. சாம்பல் சுழன்றுகொண்டு கேபினுக்குள் வந்தது. கருகின உமியும் அவித்த நெல்லும் கலந்த வாசனை. மில்லில் மூட்டை தூக்கிவிட்டு நீ சாயங்காலம் வருவாயே, உன் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. நீ பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினது மாதிரியே இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். பாலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டி ஒரு மணி நேரம் அழுதேன்.

சரி, பத்து நிமிஷம். நீ இருந்திருந்தால் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டிருப்பாய்: "பசு எங்க, மச்சான்?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். உனக்கு, எனக்கு, என் தங்கச்சிக்கு. நீயும் போய்விட்டாய், தங்கச்சி அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். இப்போது நான் ஒருத்தன் மட்டும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் எழுதுகிறேன். தங்கச்சி பெற்ற நம்ம பாப்பாவின் பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளை. எட்டாவது வரை படித்தவன் கோட்டில் எழுதினாலே மேலும் கீழும் போகும். வெள்ளைப் பக்கத்தில் எழுதுகிறேன், நீ பொறுத்துக்கொள்.

நீ என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன இருந்தது? ரெண்டு மண்சுவர், ஒரு ஓலைக் கூரை, நடுவில் நாங்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் வெறும் கையைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று நான்தான் ஊரெல்லாம் அலைந்தேன். நாலு வீட்டில் பித்தளை அண்டா இரவல் வாங்கினேன். பண்ணைக்காரர் வீட்டுக் கறவைப் பசுவை ஒரு காலைப் பொழுதுக்குக் கேட்டு வாங்கி வந்து வாசலில் கட்டினேன். கழுத்தில் மணி, கொம்பில் மஞ்சள். உன் பெரியப்பா அந்தப் பசுவைத்தான் அதிக நேரம் பார்த்தார். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது நீ நேராகக் கட்டுத்தறிக்குப் போனாய். கயிறு மட்டும் கிடந்தது.

"பசு எங்க, மச்சான்?"

"மேயப் போயிகீது."

நீ தலையை ஆட்டினாய். அடுத்த பொங்கலுக்கு வந்தபோதும் அதே கேள்வி. அதற்கு அடுத்த பொங்கலுக்கும். அந்தப் பசு பத்து வருஷமாக மேய்ந்துகொண்டே இருந்தது. நீ ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருதரம் மட்டும் சொன்னாய்: "பசு இல்லன்னா இன்னா மச்சான், உன் தங்கச்சி கீதே." அப்புறம் நான் எந்தப் பொய்யை அவிழ்த்தாலும், டீக்கடையில் பத்துப் பேர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, மூலையிலிருந்து உன் குரல் மட்டும் மெதுவாக வரும். ஓட்டுகிற வண்டி என் சொந்த வண்டி என்றால் பசு எங்க. நான் பத்தாவது பாஸ் என்றால் பசு எங்க. அதோடு நிறுத்திக்கொள்வேன். எனக்கு அதுதான் பிரேக்கு.

அந்தப் பிரேக்கை நானே பிடுங்கிப் போட்டேனே, மச்சான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தங்கச்சி போனபோது பாப்பா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நீ, நான். உன் தோளும் என் வாயும். உன் தோள் அவளைக் காலேஜ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது. அரசு காலேஜில் கெமிஸ்ட்ரி. நம்ம ரெண்டு பேர் வம்சத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால். லீவு விட்டால் மற்றப் பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போகும், இவள் கம்பெனி பஸ் ஏறுவாள். செல்போனுக்கு ஏதோ சின்னச் சாமான் செய்கிற கம்பெனி. அங்கே லீவு முழுக்க நின்று வாங்குகிறதுதான் அடுத்த வருஷத்துக்குப் புத்தகமும் பஸ்ஸும். ரெண்டாம் வருஷப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் கையில் ஒரு தாளோடு வந்தாள். நீ கால் கழுவிக்கொண்டிருந்தாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், யோசித்துப் பார்த்தால்.

சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம். லீவில் ரெண்டு மாசம் காலேஜ் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஹாஸ்டலில் தங்கவைத்து, விஞ்ஞானிகள் பக்கத்திலேயே நிறுத்தி ஆராய்ச்சி பழக்குவார்கள். அதில் சில இடம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினது. அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"படிக்கறவளுக்கு யாரு பாப்பா சம்பளம் குடுப்பாங்க?"

"சம்பளம் இல்லாம கூப்ட்டா வசதி கீறவங்கதான் மாமா போவ முடியும். எனுக்கு லீவுன்னா கம்பெனி. கம்பெனில குடுக்கறத நாங்க குடுக்கறோம், நீ வந்து ஆராய்ச்சி பண்ணுன்றாங்க. அங்க நல்லா பண்ணா மேல படிக்கறதுக்கும் அவங்களே வழி காட்டுவாங்க."

நீ துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "இன்னா ஆராய்ச்சி?"

"சாம்பல், நைனா."

மில் பாய்லரில் உமியை எரித்துவிட்டு ரோட்டோரம் கொட்டுகிறார்களே, டூவீலரில் போகிறவன் கண்ணெல்லாம் போகிறதே, அந்தச் சாம்பல். பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரில் அதைப் போட்டால் சாயத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளுமாம். எந்த மில் சாம்பல் நன்றாக இழுக்கும் என்று பார்க்க வேண்டுமாம். மறுநாள் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உன் மில் சாம்பலை எடுத்து வந்தாய். அதற்கு மறுநாள் வேறு மில். அப்புறம் இன்னொன்று. மூன்று டப்பா. அவள் தாளை ஒட்டி மில் 1, மில் 2, மில் 3 என்று எழுதினாள். ஒவ்வொன்றிலும் கீழே "கொண்டுவந்தவர்: நைனா." அப்படித்தான் எழுத வேண்டுமாம், சாம்பிள் யார் எடுத்தது என்று. அந்த எழுத்தை நீ விரலால் தடவிப் பார்த்தாய். உனக்குப் படிக்கத் தெரியாது. எது உன் பேர் என்று மட்டும் கேட்டுக்கொண்டாய்.

நான் அன்றைக்கே டீக்கடைக்குப் போய், நம்ம பாப்பா சாம்பலில் இருந்து கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறது, வெளிநாட்டுக்காரன் பிளேன் அனுப்புகிறான் என்றேன். மூலையிலிருந்து உன் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு நல்ல நாள் அது.

அவள் பேர் முதல் பட்டியலில் வந்துவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி. வீட்டைப் பார்த்துவிட்டுப் போக ரெண்டு பேர் வருவார்கள். வருகிற நாளில் அவளுக்குப் பரீட்சை. காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது என்னிடம் சொன்னாள்: "மாமா, நைனா பேச மாட்டாரு. நீ கூட இரு. ஒன்னும் பண்ண வேணாம். நம்ம எப்டி கீறமோ அப்டியே இருந்தா போதும்."

அப்படியே இருந்தால் போதும். இந்த ஐந்து வார்த்தையை, சரி மூன்று வார்த்தையை, நான் கேட்கவே இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம் வீடு பார்க்க வருகிறார்கள் என்பதுதான். நம்ம பெண்ணுக்காகப் பெரிய இடத்திலிருந்து காரில் வீடு பார்க்க வருகிறார்கள். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஒருதரம் செய்து ஜெயித்தும் இருக்கிறேன். அதற்கு நீதான் சாட்சி.

டெய்லர் வீட்டு சோபாவைக் கொண்டுவந்தேன். டீக்கடைக்காரர் புதிதாக வாங்கியிருந்த ஃபிரிட்ஜைக் கொண்டுவந்தேன், உன் வீட்டில் அதை மாட்டப் பிளக் பாயிண்ட் இல்லை, சுவரோரம் சும்மா நின்றது. சாலவாக்கத்துக்காரர் ஒருவரின் நெல் லோடு என் வண்டியில் இருந்தது, கொள்முதல் நிலையத்தில் இறக்க வேண்டியது. அதை உன் வீட்டுக்குத் திருப்பினேன். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"பொண்ணு பாக்க வர்ற மாதிரி கீதே, மச்சான்."

"அதவிடப் பெருசு, மச்சான். சும்மா வேடிக்க பாக்காத. தோள் குடு."

அன்றைக்கு உன் வீட்டுக்குள் முதன்முதலாக நெல் மூட்டை போனது. வாழ்நாள் முழுக்க மற்றவன் குதிருக்கும் மற்றவன் லாரிக்கும் சுமந்தவன், உன் வாசப்படிக்குக் குனிந்து, உன் கூடத்துக்குள் சுமந்தாய். நடுவில் இருமினாய். மூட்டையை இறக்காமலே நின்று இருமிவிட்டு மறுபடி நடந்தாய். அடுக்கி முடித்ததும் மேல் மூட்டையை ஒரு தட்டுத் தட்டினாய். "எறக்கறதுக்கு நல்லாத்தான் கீது. சாயங்காலம் ஏத்தணுமே" என்றாய். அப்புறம், "சரி, ஒரு நாளாவது வூட்ல இருந்துட்டுப் போவட்டும்."

வெள்ளைச் சட்டை ஒன்று கொண்டுவந்து உனக்குப் போட்டுவிட்டேன். "நீ வாயத் தொறக்காத. பசு கிசுன்னு எதுவும் கேட்டுடாத, மானம் போயிடும்" என்றேன். நீ சரி என்றாய்.

கண்ணாடி போட்ட ஒரு மேடமும், ஃபைலோடு ஒரு சாரும் வந்தார்கள். அந்த மேடம் நல்ல மாதிரி. உள்ளே வந்ததும் சோபாவில் உட்காரவில்லை, நின்றபடியே சுற்றிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறினது. நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐயா, இந்த நெல்லெல்லாம் உங்க நிலத்துல விளைஞ்சதா?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

"பின்ன யாருது மேடம்? ஏரியோரம் அஞ்சு ஏக்கர். போர் கீது, மோட்டார் கீது. ரெண்டு போகம்" என்றேன்.

"ஐயா என்ன வேலை செய்யறார்?"

"மில்லுல மேஸ்திரி மேடம். அவுரு கைய காட்டினா அம்பது பேர் மூட்டை தூக்குவான்."

"பொண்ணு லீவுல கம்பெனி வேலைக்குப் போறதா எழுதியிருக்காளே."

"அது பொழுது போவலன்னு போவுது. வேல செஞ்சுதான் சாப்புடணும்னு நம்ம பொண்ணுக்கு இன்னா தலையெழுத்து?"

ஃபைல்காரர் ஒரு தாளைப் புரட்டினார். "வருமானச் சான்றிதழ்ல வேற மாதிரி இருக்கே சார்" என்றார். அந்தத் தாளை வாங்கப் பாப்பா எத்தனை நாள் பரீட்சைப் படிப்பை விட்டு அலைந்தாள் என்று எனக்குத் தெரியும். அதில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஆனால் அந்த நேரத்தில் என் வாய்க்கு நல்ல வேகம். கண்ணைச் சிமிட்டிச் சொன்னேன், மச்சான். "அது எல்லாரும் வாங்கறதுதான சார். ஒலகம் தெரியாதா உங்களுக்கு?"

மேடம், நான் வாங்கி வைத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். கார் கிளம்பினதும் நான் உன்னைக் கட்டிப் பிடித்தேன். முடிச்சாச்சு மச்சான் என்றேன். நீ சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மூட்டைகளைத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தாய். அன்றைக்கு முழுக்க நீ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காதே என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

ரெண்டு வாரம் கழித்துக் கடைசிப் பட்டியல் வந்தது. அவள் பேர் இல்லை. அவள் மேடத்துக்கே போன் செய்து கேட்டிருக்கிறாள். சாயங்காலம் உள்ளே வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"நமக்கு அஞ்சு ஏக்கர் கீதாம். சர்டிபிகேட்டு பொய்யாம். இந்த எடம் வசதியில்லாத வூட்டுப் புள்ளைங்களுக்கும்மா, அவங்க எடத்த நீ எடுக்கலாமான்னு கேக்கறாங்க." குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாரு சொன்னது?"

என் வாய் நிறையச் சோறு. மூன்று நாள் ஆனாலும் ஊர் அறிய நிறுத்தாமல் பேசுகிற வாய் அது. ஒரு கவளத்தை முழுங்கச் சொன்னால் முழுங்கத் தெரியவில்லை. நீ தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாய்.

"நான்தான்" என்றாய்.

"நீயா? நீ பேசினியா?"

"நான்தான் பாப்பா. மச்சான மூட்டை கொண்டாரச் சொன்னதும் நான்தான். கெவுரதயா இருக்கட்டும்னு."

அவள் உடனே நம்பிவிட்டாள். அதற்கு முன்னால் நீ ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை, அந்தப் பொய்யின் பலமே அதுதான். நான் சொல்லியிருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். அவள் கத்தவில்லை. மூன்று டப்பாவையும் எடுத்துப் பரண் மேல் வைத்தாள். திங்கட்கிழமை கம்பெனி பஸ் ஏறினாள்.

அதற்கு மறுநாள் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். வாயால் கெட்டதை வாயால் சரி செய்துவிடலாம் என்று நினைப்பு. கேட்டில் ரெண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். மேடம் வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சோபா, ஃபிரிட்ஜ், நெல், எல்லாம். ஒன்றையும் கூட்டவில்லை, மச்சான்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு வேற ஒண்ணு சொல்றீங்க. எதை நான் எழுதிக்கறது?" என்றார்.

நீ சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றாய். அத்தனை பேர் போய் வருகிற வாசலில். மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்து, எருமைத் தோல் மாதிரி கறுத்துத் தடித்துப்போன அந்தத் தோளை மேடம் பார்த்தார். அப்புறம் சொன்னார், மன்னிச்சுக்குங்க ஐயா, அந்த இடத்துக்கு இன்னொரு பொண்ணு வந்துட்டா, இன்னைக்குத்தான் சேர்ந்தா என்று. தாழ்வாரத்தில் ஒரு பெண் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷம் போடச் சொல்லலாமா என்று கேட்டேன். இது ரெண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம்.

நான் இன்னும் பேச வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய். "அந்தப் பொண்ணு செருப்ப பாத்தியா மச்சான்? ஊக்கு குத்திக்கீது. அதுவும் நம்ம வூடு மாதிரி ஒரு வூட்லேர்ந்துதான் வந்துகீது. அதும் எடத்தப் புடுங்கிக்கினு போவவா வந்தோம்? வா."

பஸ்ஸில் உனக்கு இருமல் நிற்கவே இல்லை. செங்கல்பட்டு தாண்டித்தான் பேசினாய்.

"பாப்பாகிட்ட சொல்லாத."

"அது எப்டி மச்சான்? உம்மேல கோவமா கீது அது."

"இருக்கட்டும். எனுக்கு நெஞ்சு நல்லா இல்ல, உனுக்கே தெரியும். நாளைக்கு அதுக்குன்னு உன்ன விட்டா யாரு கீறாங்க? ரெண்டு பேர் மேலயும் கோவப்பட்டா அது எங்க போவும்? ஒருத்தன் மேல போதும்."

இப்படிக் கணக்குப் போட்டாய் நீ. படிக்காதவன் போட்ட கணக்கு. என்னால் அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் உனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். "சாப்டு." "மாத்தர போட்டுக்கோ." "வரேன்." இந்த மூன்றுக்கு மேல் நாலாவது வார்த்தை இல்லை. என்னிடம் மட்டும் பேசினாள். கம்பெனியில் நடந்தது, காலேஜில் நடந்தது எல்லாம் என்னிடம். நீ சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய். அவள் சிரித்தால் நீயும் கொஞ்சம் சிரிப்பாய், அவளுக்குத் தெரியாமல். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சோறு எப்படி எனக்கு இறங்கினது?

மழை பிடித்த மாசத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலெல்லாம் தூசு என்றார்கள். கடைசி நாலு நாள் அவள் லீவு போட்டு உன் பக்கத்திலேயே இருந்தாள். உன் முகத்தைத் துடைத்தாள். நீ அவளைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீ காதால் கேட்கிற மாதிரி, அவள் உன் கையைப் பிடித்திருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நர்ஸம்மா உன் தோளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இவர் அந்தக் காலத்தில் பெரிய பயில்வான், மாவட்டத்தையே ஜெயித்தவர் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு அசைந்தது. என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை.

பாப்பா டிகிரி முடித்துவிட்டாள், மச்சான். நல்ல மார்க்கு. மேலே படிக்க விண்ணப்பம் எதுவும் போடவில்லை. பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளைக் கோட்டு போடுவாள் என்று நினைத்தோம். கம்பெனியில் நீலக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். லீவுக்கு மட்டும் போன கம்பெனி இப்போது வருஷம் முழுக்க. தினமும் சாயங்காலம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் இறக்கிவிடும், நான் வண்டியோடு நிற்பேன்.

இன்றைக்கும் நின்றேன். லோடு இறக்கின கையோடு. அவள் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா மாமா, மில் லோடா?"

ஸ்டியரிங்குக்கு முன்னால் படிந்திருந்த சாம்பலை ஒரு விரலால் தொட்டாள். ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். "இது ரொம்ப எரிஞ்சது. வெளுத்துப் போயிகீது. சாயத்த இழுக்கறது கறுப்புதான். நைனா கொண்டாந்தாரே மூணாவது மில்லு, அதுதான் நல்ல சாம்பல்." சொல்லிவிட்டு விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உனக்குக் கொடுத்த வாக்கு, கணக்கு, எதுவும் நினைப்பில் இல்லை. இஞ்சினை அணைத்தேன்.

"பாப்பா, அன்னிக்கு அந்த மேடத்துகிட்ட பேசினது உங்க நைனா இல்ல. நான். அஞ்சு ஏக்கர் நான். சர்டிபிகேட்ட சொன்னதும் நான். அவுரு வாயே தொறக்கல. உங்கிட்ட அவுரு சொன்னதுதான் பொய்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரும், அடிப்பாள், கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போவாள் என்றெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் சிரித்தாள், மச்சான். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"இதுவும் கத கட்டுறியா மாமா?"

"சத்தியமா பாப்பா. உங்கம்மா மேல சத்தியம்."

"போன வாரம் ஏரில மொதலய புடிச்சதுக்கும் எங்கம்மா மேலதான் சத்தியம் பண்ண."

"ரெண்டு பேரும் மெட்ராசுக்குப் போயி மேடத்துகிட்ட சொன்னோம். உங்க நைனா சட்டைய கழட்டி தோள காட்டினாரு. வேணும்னா அவங்களக் கேளு."

"அந்த கேட்டுப் பக்கமே நான் போவ மாட்டேன்." என் கைமேல் கையை வைத்தாள். "உனுக்கு நல்ல மனசு மாமா. நைனாவ நான் மன்னிச்சிட்டேன். அவுரு செத்தப்பவே மன்னிச்சிட்டேன். அவுருக்காக நீ புதுசா எதுவும் கட்ட வேணாம். வண்டிய எடு, துணி தொவைக்கணும்."

வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்வேன்?

செய்யாத தப்புக்கு உனக்கு மன்னிப்பு. செய்தவனுக்கு நல்ல மனசு என்று பேர். இனி அவளிடம் யார் போய் என்ன சொல்வது? வாய் திறக்காதவன் போய்விட்டான். இருக்கிறவன் வாயை யாரும் நம்புகிறதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியில் அவள் துணி அலசுகிற சத்தம் கேட்கிறது. இந்த நோட்டை அவள் கையில் கொடுத்தாலும் படித்துவிட்டு, மாமா கதைகூட எழுதுது என்பாள்.

கொஞ்சம் முன்னால் பரண்மேல் ஏறி அந்த மூன்றாவது டப்பாவை எடுத்து வண்டியில் வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. தாள் மஞ்சளாகிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. கொண்டுவந்தவர்: நைனா. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பற்றி உண்மையை மட்டும் சொல்கிற பொருள் இந்த ஊரில் அது ஒன்றுதான், அதனால் எடுத்து வைத்தேன்.

ஆயுசு பூராவும் என்னைக் கேட்டாயே, மச்சான். இன்றைக்குச் சாயங்காலம் பசு இருந்தது. கயிறு இருந்தது, கழுத்தில் மணி இருந்தது, அந்தக் கயிற்றின் முனையில் நிஜமாகவே பசு நின்றது. வந்து பார் பாப்பா என்று நானே கூப்பிட்டேன்.

அவள் பார்க்க வரவில்லை.